மேற்கே நூற்றைம்பது கஜம்

என் மகள் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் போன மாதம் எல்லோருக்கும் ஒரு காகிதம் கொடுத்திருக்கிறார்கள். மேலதிகாரியிடம் ஒப்புதல் கேட்டு மின்னஞ்சல் எழுதுவது எப்படி என்று அதில் அச்சடித்திருந்தது. விஷயம் என்ன என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட வேண்டுமாம். என்ன வேண்டும், ஏன் வேண்டும், எப்போதைக்குள் வேண்டும் என்று மூன்றே பத்தியில் முடிக்க வேண்டுமாம். கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்: அனுப்பும் முன் ஒரு தவறும் இல்லாமல் சரிபார்க்கவும். அதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா, தனியா சிரிச்சிட்டு இருக்கிற?"

"ஒண்ணுமில்ல. இதே வேலைய நான் ஒரு காலத்துல தப்பு வெச்சுத்தான் செஞ்சேன்."

"அத எழுதிக் குடு. எங்க ஆபீஸ்ல படிக்கட்டும்."

எழுதிவிட்டேன். படிக்கிறவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

ஐம்பதுகளின் நடுவில், இருபத்தொரு வயதில், ஓசூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். கிருஷ்ணகிரியில் டைப்ரைட்டிங் படித்தேன், ஹையர் பாஸ் செய்தேன், மாமா வீட்டில் தங்கி வேலைக்குப் போனேன். பயிற்சிக் காலம் அவ்வளவுதான். எந்த இலாகா என்று சொல்லப் போவதில்லை. கிராமத்துச் சாலை, பள்ளிக்கூடக் கூரை, பொதுக் கிணறு ஆகியவை எங்கள் பொறுப்பு என்பது தெரிந்தால் போதும். அந்த ஆபீசின் முதல் பெண் ஊழியர் நான். அதனால் எனக்கென்று ஜன்னல் ஓரமாகத் தனி மேஜையும் தனித் தண்ணீர்ப் பானையும் வைத்து, என்னோடு யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்று ஒரு வாரம் ஆலோசனை செய்தார்கள். கடைசியில் யாரும் பேசவில்லை. எனக்கு நிறைய யோசிக்க நேரம் கிடைத்தது.

ஓசூர் அப்போது இப்படி இல்லை. தொழிற்சாலை என்ற பேச்சே கிடையாது. ஆபீசுக்குள் தெலுங்கு பேசுவோம். மனு கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேர் கன்னடம் பேசுவார்கள். திட்டுவது தமிழில், எழுதுவது இங்கிலீஷில். நான்கு பாஷையிலும் அதிகம் புழங்கிய ஒரே வார்த்தை 'சேலம்'. ஏனென்றால் எதற்கும் ஒப்புதல் சேலத்திலிருந்துதான் வர வேண்டும்.

ஒரு கிணறு வெட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓவர்சியர் போய் இடம் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார். டிரேசிங் துணியில் ஒரு வரைபடம் போடுவார். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஹெட்கிளார்க் பேனாவால் கடிதம் எழுதுவார். நான் இரண்டு கார்பன் வைத்து அதை அடிப்பேன். எங்கள் இன்ஜினியர் கையெழுத்துப் போடுவார். மாதத்தில் இருபது நாள் வெளியில் சுற்றுகிறவர் அவர். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினால் போதும், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டார். பிறகு பதிவேட்டில் எண் போட்டு, சிவப்பு நாடா கட்டி, தபால் பையில் வைத்து சேலம் பஸ்ஸில் ஏற்றுவோம். அதன் பிறகு காத்திருப்போம். எங்கள் ஆபீசின் முக்கியமான வேலையே காத்திருப்பதுதான்.

ஹெட்கிளார்க் நரசிம்மையா ஒரு முத்திரை கோணலாக விழுந்தாலும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிட மாட்டார். அவர் எழுதிய கடிதத்தில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் எங்கள் சங்கடமே. சேலத்தில் இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. ஆனால் தன் மேஜைக்கு வந்த காகிதத்தில் தன் கை பட்டிருக்க வேண்டும் என்று நினைப்பவர். பேரிகை கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்ற ஒப்புதல் கேட்டு நரசிம்மையா எழுதிய கடிதம், அப்பழுக்கு இல்லாத கடிதம், நான்கு முறை திரும்பி வந்தது. ஓடு எதற்கு, புல் போதாதா என்று முதல் முறை. பக்கத்து மரம் யாருடையது என்று இரண்டாம் முறை. பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்காததுதான் பாக்கி. பிள்ளைகள் மழைக் காலம் முழுவதும் புத்தகத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு பாடம் படித்தார்கள்.

ஐந்தாம் முறை அடிக்கும்போது எனக்குக் கைவலி. இரண்டு கதவு என்று அடிக்க வேண்டிய இடத்தில் மூன்று கதவு என்று அடித்துவிட்டேன். கடிதம் போன பிறகுதான் கார்பன் நகலில் அதைக் கவனித்தேன். பத்தாம் நாள் பதில் வந்தது. அதிகாரி மூன்று என்பதைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். 'வரைபடத்தில் இரண்டே கதவு. மூன்றாவது கதவு எங்கே? இனிமேல் கவனம் தேவை' என்று ஓரத்தில் எழுதி, கீழே ஒப்புதல் கொடுத்திருந்தார். ஓடு பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

நான் அந்தச் சிவப்பு வட்டத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதருக்கு என்ன வேண்டும் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

பிறகு அவர் ஒரு முறை எங்கள் ஆபீசுக்குத் தணிக்கைக்கு வந்தபோது நேரிலேயே பார்த்தேன். கைக்குட்டையால் நாற்காலியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். வரைபடத்தை இடது கையிலும் கடிதத்தை வலது கையிலும் வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு இரண்டையும் ஒப்பிட்டார். தவறு அகப்படும் வரை முகம் கடுகடு என்று இருந்தது. அகப்பட்டதும், அரிசியில் கல் பொறுக்கிய மாமியாரைப் போல ஒரு திருப்தி வந்தது. அதற்குப் பிறகு எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து ஒப்புதல் கேட்டுப் போகும் ஒவ்வொரு கடிதத்திலும் நான் ஒரு தப்பு வைக்க ஆரம்பித்தேன். அது சுலபமான காரியம் என்று நினைக்காதீர்கள். பெரிய தப்பாக இருந்தால் கோபம் வரும். சின்னதாக இருந்தால் கண்ணில் படாது. கூட இருக்கும் வரைபடத்தைப் பார்த்தால் அவரே கண்டுபிடிக்கும்படி இருக்க வேண்டும், அப்போதுதான் தான் கெட்டிக்காரர் என்று தோன்றும். ஒரே மாதிரித் தப்பை அடுத்தடுத்து வைத்தால் சந்தேகம் வந்துவிடும். ஒரு சாலைக்கு மைல்கல்லை வரிசை மாற்றி நட்டேன். ஒரு சத்திரத்துக்கு மாடியே இல்லாமல் படிக்கட்டு வைத்தேன். பாகலூர் பக்கத்துச் சிறு பாலத்துக்காகத் தென்பெண்ணை ஆற்றைக் கிழக்கிலிருந்து மேற்கே ஓட விட்டேன். அவர் மூன்று கோடு போட்டு ஆற்றைப் பழையபடி திருப்பிவிட்டு, பாலத்துக்கு ஒப்புதல் தந்தார்.

ஆறு திரும்பிய அன்றுதான் நரசிம்மையா என்னைப் பிடித்தார். காகிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டு நின்றார்.

"ஏம்மா சரோஜா, நான் என்ன எழுதினேன், நீ என்ன அடிச்சிருக்கே?"

"நீங்க சரியாத்தான் எழுதினீங்க சார்."

"அப்புறம்?"

சொல்லிவிட்டேன். கதவிலிருந்து ஆறு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொடி டப்பாவைத் திறந்தார், மூடினார், திறந்தார். தன் மேஜைக்குப் போய்விட்டார். அன்றைக்கு என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மறுநாள் காலையில் ஜன்னல் பக்கம் வந்து, வெளியே பார்த்துக்கொண்டு, "சூளகிரி லெட்டர் இன்னைக்குப் போகுதும்மா. ஏதாச்சும் வெச்சியா?" என்று கேட்டார்.

அப்படி ஒன்றரை வருஷம் நடந்தது. எங்கள் ஆபீசுக்கு வந்த ஒப்புதல்களைப் பார்த்து மற்ற ஆபீசுகள் பொறாமைப்பட்டன. எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் மாதம்மா வந்தாள். அஞ்செட்டிக்கு மேலே, காட்டுக்குள் இருக்கும் ஒரு குக்கிராமத்துக்காரி. நாற்பது வயது இருக்கும். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், அங்கே இன்னும் அவள் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். தேன்கனிக்கோட்டை வரைக்கும் நடந்தே வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். அவர்கள் ஊரின் மனு எங்கள் ஆபீசில் இரண்டு வருஷமாகக் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. சொல்லப்போனால் அந்தக் கல்லைப் போடக்கூட அவர்களுக்குக் கிணறு இல்லை. மொத்தம் இருபத்து மூன்று குடிசை. சரிவில் இறங்கி ஓடைக் குழியில் தண்ணீர் மொண்டு மேலே ஏற வேண்டும். கோடையில் மணலைத் தோண்டிக் காத்திருக்க வேண்டும்.

ஆண்கள் யாரிடமும் அவள் பேசவில்லை. நேரே என் மேஜைக்கு வந்தாள்.

"போன பங்குனில என் பெரிய மருமக கொடத்தோட சரிவுல உழுந்துட்டா தாயி. வவுத்துல ஆறு மாசம். கொழந்த தங்கல. இப்ப சின்னவ முழுகாம இருக்கறா. பங்குனிக்கு அவளுக்கும் ஆறு மாசம் ஆவும். அதுக்குள்ள கெணறு வருமா, வராதா? வராதுன்னா சொல்லிடு, அவள அவுங்கம்மா ஊட்டுக்கு அனுப்பிடறேன். ஆனா அங்கியும் தண்ணி இல்ல."

அவள் அழவில்லை. கணக்குக் கேட்பது போலக் கேட்டாள். நான்தான் மேஜைக்கடியில் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். "வரும்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஆபீசில் யாரும் யாருக்கும் சொல்லாத வார்த்தை அது.

ஓவர்சியரை விரட்டினோம். ஊருக்குக் கிழக்கே நூற்றைம்பது கஜத்தில் ஓர் அத்தி மரம் இருந்தது. அதன் அடியில் சோதனைக்குழி போட்டதில் பன்னிரண்டு அடியிலேயே ஈரம் தெரிந்தது. ஊருக்கு மேற்கே வெறும் பாறை. நரசிம்மையா அன்றைக்கே கடிதம் எழுதினார். நான் அடித்தேன். இந்தக் கடிதம் எப்படியும் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்பதால், நன்றாகக் கண்ணில் படும்படி ஒரு தப்பு வைத்தேன். ஊருக்குக் கிழக்கே என்பதை மேற்கே என்று மாற்றினேன். வரைபடத்தில் அத்தி மரம் கொட்டை எழுத்தில் கிழக்குப் பக்கம் நின்றது. அதிகாரி அதைப் பிடிக்காமல் விட வழியே இல்லை.

ஒன்பதாம் நாள் ஒப்புதல் வந்தது. நரசிம்மையா உறையைப் பிரித்து, சந்தோஷத்தில் சத்தமாகப் படித்தார். "ஊருக்கு மேற்கே நூற்றைம்பது கஜ தூரத்தில், கோரியபடியே, ஒரு குடிநீர்க் கிணறு…" அவர் குரல் நின்றது. காகிதத்தில் சிவப்பு வட்டம் இல்லை. கையெழுத்தும் வேறு யாருடையதோ. அதே தபால் பையின் அடியில் இன்னொரு காகிதம் இருந்தது. பழைய அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார், புதியவர் பொறுப்பேற்றுக்கொண்டார் என்று அதில் போட்டிருந்தது.

நரசிம்மையா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

திருத்தம் கேட்டு உடனே எழுதினோம். ஒரு தப்பும் இல்லாத கடிதம். நான்கே நாளில் பதில் வந்தது. ஒப்புதல் தந்த இடத்தை மாற்ற வேண்டுமானால் பழையதை ரத்து செய்து, புதிய ரிப்போர்ட், புதிய வரைபடம், புதிய பார்வையிடல் எல்லாம் முடித்து அடுத்த வருஷப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று ஒரே வரி. அடுத்த வருஷம் என்றால் இந்தப் பங்குனி போய்விடும்.

நானும் நரசிம்மையாவும் சேலத்துக்கே பஸ் ஏறினோம். தொப்பூர்க் கணவாயில் பஸ் குலுங்கிய குலுக்கலில், நான் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். புதிய அதிகாரிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மேஜைமேல் ஒரு கடிகாரம், ஒரு பேனா, வேறு ஒன்றும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் தன் மேஜையில் ஒரு காகிதமும் தங்கியதில்லை என்று அவரே பெருமையாகச் சொன்னார். எங்களை உட்காரச் சொன்னார், காப்பி வரவழைத்தார். மரியாதையில் குறை சொல்ல முடியாது.

"உங்க கடிதத்துல மேற்கு. என் ஒப்புதல்லயும் மேற்கு. தவறு எங்க இருக்கு?"

"எங்க கடிதத்துலதாங்க சார். வரைபடத்துல கிழக்குன்னு இருக்கும் பாருங்க" என்றார் நரசிம்மையா.

"வரைபடமெல்லாம் நான் பார்க்கறதில்ல. கீழே இருக்கறவங்கள நான் நம்பறேன். நம்பினாத்தான் வேலை நடக்கும்."

நான் வாயைத் திறந்தேன். "சார், அது நான் வேணும்னே வெச்ச தப்பு."

நரசிம்மையா என் காலை மிதித்தார். அதற்கு அவசியமே இருக்கவில்லை. அதிகாரி என்னைப் பார்த்துப் பரிவாகச் சிரித்தார்.

"வேணும்னே யாராவது தப்பு வைப்பாங்களாம்மா? ஹெட்கிளார்க்கைக் காப்பாத்தறதுக்காகப் பழிய நீங்க ஏத்துக்கறீங்க. நல்ல குணம். ஆனா எனக்கு ஒரு முறைதான். கையெழுத்துப் போட்டதைத் திரும்பப் பார்க்க ஆரம்பிச்சா நான் வேற வேலையே பார்க்க முடியாது."

வாழ்க்கையில் ஒரே ஒரு முறை என் திருட்டுத்தனத்தை நானே ஒப்புக்கொண்டேன். அது நல்ல குணம் என்று பெயர் வாங்கியது. எழுந்து வரும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். மாசிக் கடைசியில் தானே வந்து வேலையைப் பார்வையிடுவாராம். கிணறு ஊருக்கு மேற்கே நூற்றைம்பது கஜத்தில் இல்லாவிட்டால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, ஆரம்பித்தவரிடம் விளக்கம் கேட்பாராம்.

தை பிறந்து நாலாம் நாள் மாதம்மா மறுபடி வந்தாள். நரசிம்மையா பேச வாயெடுத்தார். நான் தடுத்துவிட்டு, நானே சொன்னேன். சேலத்துக்காரர்களுக்காக ஒரு தப்பு வைத்தேன், அது இப்படி ஆகிவிட்டது, காகிதத்தை மாற்ற ஒரு வருஷம் ஆகும் என்றேன். அவள் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் பாதையைப் பார்ப்பது போல ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கடுதாசில என்னான்னு இருக்குது? இன்னொருக்கா சொல்லு."

"ஊருக்கு மேற்கே நூத்தம்பது கஜத்துல கிணறுன்னு."

"அத்தி மரம்னு இருக்குதா?"

"இல்ல."

"அந்தப் பாறன்னு இருக்குதா?"

"இல்ல. ஊருக்கு மேற்கேன்னு மட்டுந்தான்."

"கடுதாசிய மாத்த ஒரு வருசம் ஆவும். ஊர மாத்த எத்தினி நாளு ஆவும்?"

எனக்குப் புரியவில்லை. நரசிம்மையாவுக்குப் புரிந்தது. கையிலிருந்த பொடி சட்டையில் கொட்டியது.

"அத்தி மரத்துக்கு அந்தாண்ட எங்க ஆடு மேயிற மேடு இருக்குதுங்க. ஊரு நெலந்தான். நாங்க அங்கிட்டுப் போயிட்டா மரம் எங்களுக்கு மேக்காலதான நிக்கும்? மூங்கிலும் புல்லும் கழட்டிக் கட்ட நாலு நாளு. செவுருக்கு மண்ணு கொழைக்க ஒரு பத்து நாளு. நீங்க கெணறு வெட்ட ஆளு அனுப்புங்க, போதும்."

"இது நடக்கிற காரியமாம்மா?" என்றார் நரசிம்மையா. ஆனால் கை அதற்குள் வரைபடத்தைத் தேட ஆரம்பித்திருந்தது. ஐந்து நிமிஷம் கழித்து நிமிர்ந்தவர், "நூத்தம்பது கஜம்னா நூத்தம்பதுதான். ஒரு கஜம் கூடவும் கூடாது, கொறையவும் கூடாது" என்றார்.

நாற்காலியை விட்டு எழுந்திருப்பதற்கே யோசிக்கும் மனிதர், ஓவர்சியரையும் அளவு நாடாவையும் கூட்டிக்கொண்டு மலை ஏறினார். மூன்று நாள் கழித்து, கால் வீங்கி, முகம் கறுத்து, நான் அதுவரை பார்க்காத உற்சாகத்தோடு திரும்பி வந்தார். அங்கே பெரிய வாக்குவாதமாம். ஊர் என்றால் எதிலிருந்து அளப்பது, முதல் குடிசையிலிருந்தா, நடுக் குடிசையிலிருந்தா? கடைசியில், அம்மன் கல் எங்கே இருக்கிறதோ அதுதான் ஊர் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அப்படியானால் அம்மனையும் நகர்த்த வேண்டும். அவளைக் கேட்காமல் நகர்த்த முடியாது.

அதற்கு அவர்களிடம் ஒரு முறை இருந்தது. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் இலையில் கட்டிக் கல்லுக்கு முன்னால் போடுவார்கள். ஊர்ப் பெண் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம். சிவப்பு வந்தால் கிடையாது. மாதம்மாவின் சின்ன மருமகளே எடுத்தாளாம். வெள்ளை வந்ததாம்.

"அரை மணி நேரத்துல சாங்ஷன் ஆயிடுச்சும்மா. வரைபடங்கூட கேக்கல" என்றார் நரசிம்மையா. சேலத்தின் மேல் அவருக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கசப்பு வந்தது என்று நினைக்கிறேன்.

மாசிக் கடைசியில் அதிகாரி சொன்னபடியே வந்தார். குறிப்பெடுக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார்கள். அஞ்செட்டி வரை ஜீப், பிறகு நடை. எனக்கு மூச்சு வாங்கியது ஏற்றத்தினால் மட்டும் இல்லை. மேட்டின்மேல் இருபத்து மூன்று குடிசைகள் புத்தம் புதுச் சாணி மெழுகலோடு வரிசையாக நின்றன. ஆட்டுப்பட்டி, சேவல், துவைத்துக் காயப்போட்ட சேலை என்று எல்லாம் இருந்தது. அதிகாரி பையிலிருந்து ஒரு திசைகாட்டியை எடுத்தார். அம்மன் கல்லுக்குப் பக்கத்தில் நின்று, முள் அடங்கும் வரை காத்திருந்து, மேற்கே பார்த்தார். நேரே அத்தி மரம். மரத்தடியில் பதினைந்து அடி ஆழத்தில் ஆட்கள் சேறும் தண்ணீருமாக நின்று மண் வாரிக்கொண்டிருந்தார்கள். அவர் நாடா பிடித்து அளக்கச் சொன்னார். நூற்றைம்பது கஜம்.

"பாத்தீங்களா? கடிதம் சரியாத்தான் இருந்திருக்கு. நீங்கதான் வீணா குழம்பி, சேலம் வரைக்கும் அலைஞ்சிருக்கீங்க" என்றார் நரசிம்மையாவிடம்.

"ஆமாங்க சார். என் குழப்பந்தாங்க" என்றார் அவர். அந்தக் குரலில் இருந்த பணிவைக் கேட்டு நான் குறிப்பேட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அதிகாரி ஊரைச் சுற்றிப் பார்த்தார். "சுத்தமான ஊர். இவ்வளவு சுத்தமா ஒரு மலைக் கிராமத்த நான் பாத்ததில்ல" என்று சொல்லி, அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். கடிதத்தின் துல்லியத்துக்காக எங்கள் ஆபீசுக்கு ஒரு பாராட்டுக் குறிப்பும் சொன்னார். அதையும் நான்தான் எழுதினேன். அந்தப் பாராட்டு என் பணிப் பதிவேட்டில் கடைசி வரை இருந்தது. பதவி உயர்வு இரண்டு வாங்கிக் கொடுத்தது. அதற்குப் பிறகு முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தேன், ஒரு கடிதத்திலும் தெரிந்து ஒரு தப்பு வைக்கவில்லை. ஒப்புதல்கள் தாமதமாகத்தான் வந்தன.

அதிகாரியும் மற்றவர்களும் இறங்க ஆரம்பித்ததும் நான் பின்தங்கினேன். மாதம்மா என்னை அத்தி மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். அவள் சின்ன மருமகள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு மண் மேட்டில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் நிறைந்த குடம். மூன்று அடி எடுத்து வைத்தால் தண்ணீர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க எதையாவது பேச வேண்டும் என்பதற்காக, பூ கேட்டபோது சிவப்பு வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள்.

"எப்பிடி வரும்? ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூவுதான் கட்டுனேன்."

திருட்டுத்தனத்தில் என் இனத்தைச் சேர்ந்தவள் ஒருத்தி அகப்பட்டாள் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே அவளோடு மரத்தைத் தாண்டி நடந்தேன். அந்தப் பக்கம்தான் பழைய ஊர். கூரை இல்லாத இருபத்து மூன்று மண் தரைகள், ஒவ்வொன்றிலும் ஓர் அடுப்புக் குழி, கரி. சில இடங்களில் இடுப்பளவுச் சுவர் நின்றது. அவள் வீட்டுத் தரையில் ஓர் உரல் பாதி புதைந்து கிடந்தது. அவள் மாமியார் காலத்தில் பதித்ததாம், பெயர்க்க வரவில்லையாம். பெரிய மருமகளின் குழந்தையைப் புதைத்த இடமும் அந்தப் பக்கம்தான், ஒரு கல் வைத்திருந்தார்கள். ஒற்றை வார்த்தை அடித்த என் விரல்களை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் சிரிப்பதை நிறுத்தியிருந்தேன்.

அவள் உரலின் மேலிருந்த சருகைத் தள்ளிவிட்டாள்.

"எங்க ஊருக்குப் பள்ளிக்கூடம் ஒண்ணு கேட்டு எழுதப் போறாங்களாமே, அந்த ஓவர்சியர் சொன்னாரு. நல்லதுதான். இந்தத் தடவ நீ எழுதறதுக்கு முன்னாடியே சொல்லிடு தாயி, நாங்க எந்தப் பக்கம் போயி நிக்கணும்னு."